கொல்லிமலையின் தனிமையும் அதன் எச்சங்களும்

கொல்லிமலையைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஓரியில் தொடங்கிப் பாவையில் முடித்துவிடுகின்றனர். வல்வில் ஓரியின் ஒற்றை அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்துச் சென்ற செய்தியை வன்பரணர் பாட்டைக் காட்டிச் சொல்வர். காற்று மோதினும் இடி விழினும் நிலம் நடுங்கினும் உருக்குலையாத பாவையை நற்றிணையைக் காட்டிச் சொல்வர். பின்னர் ஒரே தாவலில் செம்மேட்டுக்கு வந்து, ஆடிப் பதினெட்டை ஒட்டி நடக்கும் ஓரி விழாவில் இறங்கிவிடுவர். இடையே கிடக்கும் ஏறத்தாழ ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகள் என்னவாயின என்று கேட்பார் இல்லை. நம் வட்டத்தின் கூட்டங்களில் வாசிக்கப்பெற்ற மலைக் கவிதைகளிலும் இத்தாவலைப் பலமுறை கண்டிருக்கிறேன். அவற்றில் மலை காலம் உறைந்த இடமாகிவிடுகிறது. மலைமேல் வாழ்வோர் சங்கப் பாட்டிலிருந்து நேரே இறங்கி வந்தவர்களாகிவிடுகின்றனர். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு மக்கட் கூட்டத்தைப் புகழ்ந்துகொண்டே அதன் வரலாற்றைப் பறித்துவிடும் வேலை இது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கொல்லிமலை தனித்திருந்தது உண்மை. எப்போதிலிருந்து, எதனால், யாருடைய விருப்பத்தால் தனித்திருந்தது என்பதும், அத்தனிமை இன்றைக்கு எதை விட்டுச் சென்றிருக்கிறது என்பதுமே இக்கட்டுரையின் பொருள்.

தனித்திருந்த நாடு என்றவுடன் உலக வரலாறு கற்றோர் நினைவுக்கு வருவது யப்பான். தொக்குகாவா ஆட்சியாளர் 1635-இல் தம் குடிமக்கள் கடல் கடந்து செல்வதை மரண தண்டனைக் குற்றமாக்கினர். 1639-இல் போர்த்துக்கீசியரை முற்றாக விலக்கினர். 1853-இல் அமெரிக்கத் தளபதி பெரியின் கப்பல்கள் வந்து நிற்கும் வரையில் இருநூறு ஆண்டுக்கு மேல் அந்நிலை நீடித்தது. அதனைக் குறிக்க 'சக்கோக்கு', அதாவது பூட்டிய நாடு, என்ற சொல் வழங்குகிறது. வேடிக்கை என்னவெனில், கதவை அடைத்தவர்கள் அச்சொல்லை அறியார். தேசிமாவில் தங்கியிருந்த கேம்ப்பர் என்னும் செருமானிய மருத்துவர் எழுதிய ஒரு கட்டுரையை ஷிசுக்கி தடாவோ என்பவர் 1801-இல் மொழிபெயர்த்தபோது ஆக்கிக்கொண்ட சொல் அது. வெளியிலிருந்து பார்த்த ஒருவனின் கண்ணே உள்ளிருந்தோர்க்குத் தம் நிலைக்கு ஒரு பெயரைத் தந்தது. மேலும், அந்தக் கதவு முழுவதும் அடைபட்டதும் இல்லை. நாகசாக்கியில் ஒல்லாந்தரும் சீனரும் வந்து வணிகம் செய்தனர். சுசிமாத் தீவு வழியாகக் கொரியாவுடனும், சட்சுமா வழியாக இரியூக்கியூத் தீவுகளுடனும், வடக்கே மட்சுமே வழியாக ஐனு மக்களுடனும் கொடுக்கல் வாங்கல் இருந்தது. நான்கு வாயில்கள் இருந்தன, அவற்றுக்குக் காவலும் இருந்தது என்பதே இக்கால வரலாற்றாசிரியர் கூற்று. தனிமை என்பது சுவர் அன்று, சல்லடை. எதை உள்ளே விட்டது, எதைத் தடுத்தது என்று பார்ப்பதே வரலாறு.

அந்தக் கண்கொண்டு நம் மலையைப் பார்ப்போம்.

சங்க காலத்துக் கொல்லி தனிமைப்பட்ட மலையே அன்று. குறுந்தொகையில் கபிலர் காட்டும் ஓரியின் மலைச் சிற்றூர், பசி வந்தபோது யானையின் தந்தத்தை விற்று அவ்விலையால் உண்கிறது. விற்றார்கள் என்றால் வாங்குவோர் இருந்தனர். வாங்குவோர் இருந்தனர் என்றால் வழி இருந்தது. காரி ஓரியைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்ததும் இதையே சொல்கிறது. எவருக்கும் எட்டாத மலைக்காக மூன்று அரசுகள் மோதிக்கொள்ள மாட்டா. பின்னர் கொல்லி என்ற பெயரே ஒரு பண்ணுக்கு ஆகித் தேவாரத்துள் ஒலித்தது. அறப்பள்ளி வைப்புத்தலமாயிற்று. குலசேகரர் தம்மைக் கொல்லிக் காவலன் என்று சொல்லிக்கொண்டார். அம்பலவாணக் கவிராயர் அறப்பளீசுரர் மீது சதகம் பாடினார். வளப்பூர் நாட்டில் ஐயாற்றங்கரையிலுள்ள அக்கோயில் மலையின் நாகசாக்கி என்றே சொல்லலாம். சமவெளியின் மொழி, வழிபாடு, பாட்டு ஆகியன நெடுங்காலம் நுழைந்த வாயில் அது.

இனி மலைமேல் வாழ்வோர் தாமே தம்மைப் பற்றிச் சொல்லும் கதையைக் கேட்போம். மலையாளிகள் என வழங்கும் இம்மக்கள் கேரளத்தாரோடு பெயரளவில் மட்டுமே ஒற்றுமை உடையவர். மலையை ஆள்பவர் என்பது இச்சொல்லுக்கு அவர்கள் கொள்ளும் பொருள். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்தில் வேளாண் குடியில் பிறந்த பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூவர் நாட்டை விட்டு நீங்கி மலைகளை நோக்கி வந்தனர். ஒருவர் வழி சேர்வராயனில், ஒருவர் வழி கொல்லியில், ஒருவர் வழி பச்சைமலையில் பெருகிற்று என்பது அவர்தம் கதை. எந்த அண்ணன் எந்த மலைக்குப் போனார் என்பது மலைக்கு மலை மாறும். கல்வராயனில் கேட்டால் வேறொரு கணக்கு வரும். எட்கார் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட சாதிகளும் குடிகளும் பற்றிய பெருந்தொகுப்பிலும் இக்கதை இடம்பெற்றுள்ளது. கதையின் விவரம் மாறினாலும் நடு நரம்பு மாறுவதில்லை. நாங்கள் வந்தவர்கள் என்பதே அது. தொன்றுதொட்டு இங்கேயே இருந்தோம் என்று அவர்கள் சொல்வதில்லை. அப்படிச் சொல்வது நம் கவிதைகள்தாம். வாழவந்தி என்ற பெயரைக் கேட்கும்போதெல்லாம் வாழ வந்தோர் என்ற ஒலி என் காதில் விழும். இதனைச் சொல்லாராய்ச்சியாக எவரும் கொள்ள வேண்டா. ஆயினும் ஒரு நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வாய்ப்பதும் அரிது.

வந்தவர்கள் ஏன் தனித்தனர்? மலையின் அமைப்பு ஒரு காரணம். நாற்புறமும் செங்குத்தாக எழுந்து, உச்சியில் மேடும் பள்ளமுமாய் விரிந்து கிடக்கும் நிலம் இது. 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். காரவள்ளிப் பக்கமோ புளியஞ்சோலைப் பக்கமோ, எங்கிருந்து ஏறினாலும் அன்று கால்வழியாக ஏறித் தீர வேண்டியிருந்தது. ஆனால் உயரம் மட்டும் மலையைக் காப்பதாயின் சேர்வராயனையும் காத்திருக்க வேண்டும். அங்கே என்ன நடந்தது? 1792-இல் திப்புவோடு செய்த உடன்படிக்கையால் சேலம் சீமை கும்பினியார் கைக்கு வந்தது. 1820-ஆம் ஆண்டை ஒட்டிச் சேலம் ஆட்சித்தலைவர் காக்பர்ன் சேர்வராயனில் காப்பியை நட்டார். அடுத்து வந்த தலைமுறைகளில் ஏற்காடு வெள்ளையர் தோட்டங்களின் ஊராயிற்று. அம்மலையின் மக்களில் பலர் தம் மலையிலேயே கூலிகளாயினர். கூப்பிடு தொலைவில் நிற்கும் கொல்லிக்கு அது நேரவில்லை. காரணம், காய்ச்சல்.

கொல்லி என்றால் கொல்வது என்று மக்கள் சொல்லும் பெயர் விளக்கம் பாவையின் நகையைப் பற்றியது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்பெயர்க்கு வேறு பொருளும் சேர்ந்துவிட்டது. மலைச்சரிவு ஓடைகளின் கொசுவால் பரவிய மலைக்காய்ச்சல், கீழிருந்து வந்தவனைப் பற்றிக்கொண்டது. சிறு பருவத்தில் அக்காய்ச்சலிலிருந்து பிழைத்தெழுந்த மலைமக்களுக்கு ஓரளவு தாங்கும் ஆற்றல் உண்டாகியிருக்கும். பிழைக்காத குழந்தைகளின் எண்ணிக்கையை எந்த ஏட்டிலும் காண இயலாது. லெபானு 1883-இல் எழுதிய சேலம் மாவட்டக் கையேடும், ரிச்சர்ட்சு 1918-இல் எழுதிய சேலம் விவரச்சுவடியும் அரசின் கண்ணால் இப்பகுதியைப் பார்த்தவை. கைம்பெண் மறுமணம், பரிசப் பணம், மணமுறிவை ஊர்க்கூட்டம் தீர்த்து வைத்தல் முதலிய மலையாளி வழக்கங்களை அக்கால அலுவலர் சுவைத்து எழுதிய அளவுக்கு, மலையில் மருத்துவன் ஒருவன் இல்லை என்பதை எழுதவில்லை. வழக்கங்கள் அவர்களுக்கு விநோதம். நோய் அவர்களுக்குத் தொல்லை. அவ்வளவே.

ஆகவே கொல்லியின் தனிமை ஓரியிடமிருந்து வந்த சொத்து அன்று. ஆட்சியும் தோட்டமும் இருப்புப்பாதையும் சுற்றிலும் பெருகிய காலத்தில், கொசு ஒன்றால் விடுபட்டுப் போனமையே அதன் பெரும்பகுதி. யப்பானில் கதவை அடைத்தது ஆணை. இங்கே அடைத்தது காய்ச்சல். யப்பானியர் தாம் அடைத்ததால் வாயிலில் யாரை நிறுத்துவது என்று தாமே முடிவு செய்தனர். ஒல்லாந்தரின் மொழியைக் கற்ற மொழிபெயர்ப்பாளர் குடும்பங்கள் நாகசாக்கியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. மேலைநாட்டு உடற்கூற்று நூலை 1774-இலேயே தம் மொழியில் ஆக்கிவிட்டனர். பெரியின் கப்பல் வந்தபோது அங்கே அச்சம் இருந்தது. அறியாமை அவ்வளவாக இல்லை. கொல்லிமலையாருக்கு அந்த ஆயத்தத்துக்கு வாய்ப்பே தரப்படவில்லை. உப்பும் துணியும் கீழிருந்து வர வேண்டும். மலைவிளைச்சல் கீழே போக வேண்டும். இரண்டுக்கும் விலை சொல்பவன் கீழே இருந்தான். எழுத்தறிவு மலையேறுமுன் கணக்கு மலையேறிவிட்டது.

இந்நிலையில் வாழவந்திக்கு வந்து சேர்ந்தவர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். செசி பிராண்டு என்னும் ஆங்கிலேயர் 1913-இல் தம் மனைவி ஈவ்லினுடன் இங்கே குடியேறினார். சமயப் பணிக்கு வந்தவர்கள். அவர்தம் சமய நோக்கைப் பற்றி நம்முள் பல கருத்துகள் இருக்கலாம்; என் கருத்து இங்கே வேண்டுவதில்லை. மலையின் தனிமையை உள்ளிருந்து கண்டு, அதனால் வரும் கேட்டைத் தாமும் பட்டவர்கள் என்ற முறையில் அவர்கள் நம் வரலாற்றுக்கு உரியவர்கள். செசி மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். கற்றிருந்த சிறிதளவு மருத்துவத்தைக் கொண்டே வேலை செய்தார். நரம்புச் சிலந்தி நோய் அப்போது மலையில் மிகுதி. நோயாளி படிக்கிணற்றில் இறங்கிக் கால் நனைக்க, புழுவின் இளம்புழுக்கள் நீரில் கலந்து, அதைக் குடிப்பவர் உடம்பில் புகும் நோய் அது. செசி புழுவை மெல்ல மெல்ல இழுத்தெடுத்ததோடு நில்லாமல், இறங்கி மொள்ளும் கிணறுகளை விட்டு இறைக்கும் கிணறுகளுக்கு மாறும்படி ஊர் ஊராகச் சொன்னார். இந்நோயின் கடைசி நோயாளி இந்தியாவில் 1996-இல் பதிவானார். 2000-இல் நாடு இந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. ஒரு படிக்கட்டை மூடுவதற்கு ஒரு நூற்றாண்டு.

1918-இல் உலகை வாரிய நச்சுக்காய்ச்சல் கொல்லியிலும் ஏறிற்று. அதுவரை வெளியாரைத் தடுத்த மலை, அந்த ஒன்றைத் தடுக்கவில்லை. பிராண்டு தம்பதியர் கஞ்சி காய்ச்சிச் சுமந்து வீடு வீடாகச் சென்றனர். அவர்களை அதுகாறும் எதிர்த்து நின்ற பூசாரி ஒருவர் சாகும் தறுவாயில் தம் குழந்தையை அவர்கள் கையில் ஒப்படைத்தார் என்று பிராண்டு குடும்ப வரலாறு கூறுகிறது. யப்பானும் கதவு திறந்த சில ஆண்டுகளிலேயே, 1858-இல், கப்பல்வழி வந்த வாந்திபேதிக்கு ஆட்பட்டது. நெடுநாள் தனித்திருந்தோர் முதலில் பெறும் இறக்குமதி பெரும்பாலும் நோயே.

1929-இல் செசி இம்மலையிலேயே கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். மலைக்காய்ச்சலின் முற்றிய வடிவம் அது. ஈவ்லின் எழுபது வயதை நெருங்கி, பணி ஓய்வு பெற்றபின் மீண்டும் மலைக்கே வந்து, மட்டக்குதிரை மேல் ஊர் ஊராய்ச் சுற்றி, 1974-இல் தம் தொண்ணூற்றைந்தாம் வயதில் மறைந்தார். கொல்லியில் கணவரின் கல்லறைக்கு அருகே அவர் உடல் கிடக்கிறது. 1914-இல் இம்மலையில் பிறந்த அவர்கள் மகன் பால் பிராண்டுதான் பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்திப் புகழ்பெற்றவர். அவர் 2003-இல் மறைந்தார். உலகம் அறிந்த மருத்துவர் ஒருவர் வாழவந்தியின் மண்ணில் தவளை பிடித்து வளர்ந்தவர் என்பது நம்மில் பலர்க்குப் புதிய செய்தியாக இருக்கலாம். அந்தத் தவளைக்குப் பின்னர் வருவேன்.

தனிமை விட்டுச் சென்றவற்றுள் முதலில் கண்ணில் படுவது 'நாடு' என்ற சொல். சோழர் கல்வெட்டுகளில் பல ஊர்கள் சேர்ந்த வேளாண் பகுதிக்கு நாடு என்று பெயர், எ. சுப்பராயலு 1973-இல் வெளியிட்ட சோழநாட்டு அரசியல் நிலவியல் ஆய்வு அந்நாடுகளை வரைபடத்தில் நிறுத்திக் காட்டிற்று. சமவெளியில் அவை ஆட்சி ஏடுகளிலிருந்து உதிர்ந்துவிட்டன. தாலுகாவும் பிர்க்காவும் அவற்றை விழுங்கின. கொல்லிமலை ஊராட்சி ஒன்றியத்தின் 14 ஊராட்சிகளைப் பாருங்கள்: வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, ஆலத்தூர் நாடு, குண்டூர் நாடு, குண்டனி நாடு, திருப்புளி நாடு, எடப்புளி நாடு, சித்தூர் நாடு, பேரக்கரை நாடு, பைல் நாடு. ஒன்று தவறாமல் நாடு. மக்களாட்சி இங்கே வந்தபோது பழைய சொல்லின் மேலேயே உட்கார வேண்டியிருந்தது. ஊர்க்கவுண்டர், நாட்டுக்கவுண்டர் என்ற பழைய அடுக்கும், வாக்குச்சீட்டால் வந்த தலைவரும் ஒரே திண்ணையில் அமரும் காட்சி நமக்குப் பழகியது. இது சொல் மட்டும் எஞ்சியதா, பொருளும் எஞ்சியதா என்பது ஆராயத்தக்கது. என் கருத்தில், நிலத் தகராற்றிலும் மண உறவிலும் பொருளும் எஞ்சியிருக்கிறது.

இரண்டாவது, நிலம். சேர்வராயனை ஒப்பிட்டால், கொல்லியின் விளைநிலம் பெரும்பாலும் மலையாளிகள் கையிலேயே நின்றது. காய்ச்சல் செய்த ஒரே நன்மை இது. ஆனால் சரிவுக்காடுகள் 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டத்தின் வழியே அரசின் காப்புக்காடுகளாயின. உச்சியில் உழவன், சுற்றிலும் வனத்துறை என்ற அமைப்பு அன்று தோன்றியது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றும் இல்லை என்பதும் பலர் அறியாத உண்மை. எனவே வட இந்தியப் பழங்குடிப் பகுதிகள் பலவற்றுக்கு உள்ள அரசியலமைப்புக் காவல் இம்மலைக்கு இல்லை. காய்ச்சல் நின்ற இடத்தில் சட்டம் வந்து நிற்கவில்லை.

மூன்றாவது எச்சம் விந்தையானது. தனிமையே ஒரு தகுதிச் சான்று ஆனது. பழங்குடிப் பட்டியலைத் திருத்த அமைந்த லோக்கூர் குழு 1965-இல் ஐந்து அளவுகோல்களைச் சொல்லிற்று. தொல்பழங்கூறுகள், தனித்த பண்பாடு, நிலத்தால் ஒதுங்கியிருத்தல், பிறரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை என்பன அவை. கூச்சத்தை அளக்கும் கோல் எது என்று அக்குழு சொல்லவில்லை. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மலையாளிகள் தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் மட்டும் பழங்குடியினர். நாமக்கல் சேலத்திலிருந்து பிரிந்ததால் கொல்லிமலையார்க்கு இடரில்லை. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் அதே மக்கள், அம்மலை அன்று கோவை மாவட்டத்தில் இருந்த காரணத்தால் பட்டியலுக்கு வெளியே நின்று, நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். மலை தனிமைப்படுத்திய மக்களை மாவட்ட எல்லை மறுபடியும் தனிமைப்படுத்திற்று. மேலும், சலுகை வேண்டுமாயின் பின்தங்கியவன் என்றும் கூச்சமுள்ளவன் என்றும் ஒருவன் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டிய நிலை நல்லதன்று. கல்லூரி வாயிலில் சான்றிதழுக்காக நிற்கும் நம் பிள்ளைகள் இதை நன்கறிவர்.

நான்காவதாக வருவது தானியம். கவிஞர்கள் சற்றுக் காது கொடுக்க வேண்டிய இடம் இதுவே. குறிஞ்சித் திணைக்குக் கருப்பொருள் சொல்லும்போது தினை என்று ஒரு சொல்லால் முடித்துவிடுகிறோம். மலையில் தினை ஒன்றன்று. செந்தினை, பெருந்தினை, கோறந்தினை, மூக்காந்தினை என வேறு வேறு. சாமையில் பெருஞ்சாமை, வெள்ளப்பெருஞ்சாமை, திருகுலச்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை. கேழ்வரகில் சட்டைக்கேழ்வரகு, காரக்கேழ்வரகு, அரிசிக்கேழ்வரகு, சுருட்டைக்கேழ்வரகு. எது முந்தி விளையும், எது மெலிந்த மண்ணில் நிற்கும், எது களிக்கு ஏற்றது, எது வைக்கோலுக்கு ஏற்றது என்ற அறிவு முழுவதும் இப்பெயர்களுக்குள் அடங்கியிருக்கிறது. விதையை வெளியிலிருந்து வாங்க வழியில்லாத மலையில், தன் விதையைத் தானே காத்த பெண்டிரின் கை செய்த வேலை இது. தனிமை என்னும் சல்லடையில் தங்கிய பொன் இது என்றால் மிகையன்று. நம் அகராதிகளில் இச்சொற்களில் எத்தனை ஏறியிருக்கின்றன என்று புரட்டிப் பார்த்தால் வருத்தமே மிஞ்சும்.

1953-இல் தொடங்கிய தேசிய மலேரியாத் தடுப்புத் திட்டமும் 1958-இல் அதனைத் தொடர்ந்த ஒழிப்புத் திட்டமும் டி.டி.டி. மருந்தைக் கொண்டு நாடெங்கும் காய்ச்சலை அடக்கின. காய்ச்சல் அடங்கிய மலைக்குச் சாலை வந்தது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். டோலி கட்டி நோயாளியை இறக்கிய ஊர்களிலிருந்து பேருந்து புறப்பட்டது. உண்டு உறைவிடப் பள்ளிகள் எழுந்தன. செம்மேட்டில் அரசு மருத்துவமனை வந்தது. இவற்றைக் குறை சொல்பவன் குழந்தையைத் தோளில் சுமந்து மலையிறங்கிய தந்தையை அறியாதவன். தனிமையைப் பாடுவோர் பெரும்பாலும் அதில் வாழ்ந்திராதவர்கள்.

ஆனால் அதே சாலை வழியே மரவள்ளிக்கிழங்கு லாரிகளும் வந்தன. சேலத்தில் 1943-இல், போர்க்காலத்து இறக்குமதித் தட்டுப்பாட்டில் தொடங்கிய சவ்வரிசித் தொழில் சேலம், இராசிபுரம், நாமக்கல் பகுதிகளில் பரவி, 1981-இல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவு அமைப்பைப் பெறும் அளவுக்கு வளர்ந்தது. அந்த ஆலைகளின் பசிக்கு மலை நிலம் தீனியாயிற்று. சாமையை உரலில் குத்தித் தோல் நீக்குவது பெண்களின் இடுப்பை ஒடிக்கும் வேலை. கிழங்குக்கு அது இல்லை. கிழங்கு விற்றால் கையில் காசு. நியாயவிலைக் கடையில் அரிசி. எவரும் எளிதில் செய்யும் கணக்குத்தான் இது. உழவனைப் பழிக்க இடமில்லை. விளைவு, தினையும் சாமையும் விளைந்த சரிவுகள் மரவள்ளிக் கொல்லைகளாயின. விலையோ, அன்று உப்புக்கு விலை சொன்னது போலவே, இன்றும் பெரும்பாலும் கீழேதான் முடிவாகிறது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இம்மலையில் சிறுதானிய வகைகளைத் தொகுத்து, ஊர்தோறும் விதை வங்கிகளையும் தோல் நீக்கும் எந்திரங்களையும் அமைத்தது நல்ல செயல். உரலின் சுமையைக் குறைத்தால் சாமை பிழைக்கும் என்று கண்டது அதன் கூர்மை. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது நகரத்துக் கடைகளில் சாமைக்கு வந்த மதிப்பில் எவ்வளவு மலையேறிற்று என்பது வேறு கணக்கு.

இங்கேதான் அந்தத் தவளை வருகிறது. பால் பிராண்டு தம் முதிய வயதில் எழுதிய ஒரு கட்டுரையில், தம் சிறுவயதுக் கொல்லியை நினைவுகூர்கிறார். மலை ஓடையைச் சிறு சிறு வரப்புகளால் தடுத்துப் படிப்படியாக அமைந்த நெல்வயல்கள். பள்ளத்தாக்கின் மேல்படியில் சிறுவர்கள் தவளை பிடித்து விளையாடுகின்றனர். சேறு கலங்குகிறது, வரப்பு இடிகிறது. ஊர்ப் பெரியவர் ஒருவர் தடியூன்றி வருகிறார். எல்லாரும் தாத்தா என்று அழைக்கும் அவரிடம் பிள்ளைகளுக்கு அச்சமும் அன்பும் உண்டு. அடிப்பார் என்று நினைத்து ஒடுங்கி நிற்கின்றனர். அவர் குனிந்து ஒரு கைப்பிடிச் சேற்றை அள்ளிக் காட்டி, இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். கீழ்ப்படிக்கு வழியும் நீர் தெளிவாக இருந்தால் மண் தங்குகிறது. கலங்கிப் போனால் சோறு போகிறது. போன மண் மலையேறித் திரும்பி வாராது என்று சொல்லிவிட்டுச் செல்கிறார். அம்முதியவர் பள்ளியில் படித்தவராக இருந்திருக்க முடியாது. மண் வெளியிலிருந்து வரப்போவதில்லை என்பதை அறிந்தவர். தனித்த மலையில் எதுவும் இரண்டாம் முறை கிடைக்காது என்ற அறிவு தலைமுறைகளாகச் சேர்ந்து, ஒரு கைப்பிடிச் சேற்றில் நின்றது.

மரவள்ளியைச் சரிவில் நட்டு, கிழங்குக்காக மண்ணைப் புரட்டிப் பிடுங்கும்போது பருவமழையில் என்ன ஓடுகிறது என்பதை நம் ஓடைகளின் நிறத்தில் காணலாம். பிராண்டும் பின்னாளில் திரும்பி வந்து பார்த்தபோது அரிப்பைக் கண்டு வருந்தி எழுதியிருக்கிறார். மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பாக்சைட்டு வெட்டிய குழிகளை இதனோடு சேர்த்து எண்ணலாம். அது அளவில் சிறியது, காயத்தில் ஆழமானது.

நம் வட்டம் பத்தாண்டில் ஓரியைப் பற்றியும் பாவையைப் பற்றியும் நிறையவே எழுதிவிட்டது. நாகசாக்கியின் மொழிபெயர்ப்பாளர்கள் கப்பல் வருவதற்கு நூறாண்டு முன்பே சொற்களைத் தொகுத்து வைத்திருந்தனர் என்று சொன்னேன். நமக்குக் கப்பல் வந்து அரை நூற்றாண்டு ஆயிற்று. அறப்பளீசுரருக்குச் சதகம் இருக்கிறது. கட்டவெட்டிச்சாமைக்கு ஏன் அப்பெயர் என்று சொல்லும் குறிப்பு ஒன்று நம் நூலகத்து அலமாரியில் இல்லை. அதைச் சொல்லத் தெரிந்த பாட்டிமார் அரியூர் நாட்டிலும் தேவனூர் நாட்டிலும் இன்னும் இருக்கின்றனர். அடுத்த சாமை விதைப்பு ஆடியை ஒட்டி வருமுன், வட்டத்து இளைஞர் நால்வர் ஒரு குறிப்பேட்டோடு அவர்கள் களத்துக்குச் சென்று உட்கார்ந்தால், வரும் மலருக்கு நான் வேறு கட்டுரை எழுத வேண்டியிருக்காது.